பொற்கொற்றியும் விக்டரும்

பனமலைக்கு வருகிறவர்கள் முதலில் ஏரியைப் பார்க்கிறார்கள், பிறகு மலையை, அதற்கும் பிறகுதான் கோயிலை. ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில், செம்மை படர்ந்த உள்ளூர்க் கல்லால் ஆனது. தூரத்தில் இருந்து பார்த்தால் மலையிலிருந்தே முளைத்ததுபோல இருக்கும். உள்ளே ஒரு சிறு சன்னிதியின் சுவரில் அந்தப் புகழ்பெற்ற அம்மன் ஓவியம். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து, உடலைச் சற்றே சாய்த்து, சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆடும் சிவனின் உருவம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆட்டம் போய்விட்டது, ஆட்டத்தைப் பார்த்தவளின் முகம் மட்டும் நிற்கிறது.

இந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கேள்வி எழும். களத்தில் நடப்பதை வரைவதா, களத்தைப் பார்ப்பவரை வரைவதா? ஆட்டம் என்றால் நடனம் மட்டுமா? மாடு ஆடும், சேவல் ஆடும், யானை ஆடும். மனிதன் கூட்டம் கூடி நின்று விலங்குகளை மோதவிட்டுப் பார்த்த ஒவ்வொரு நாட்டிலும் அதைக் கல்லிலும் சுவரிலும் தரையிலும் பதித்து வைத்திருக்கிறான். அந்த மரபு நம் விழுப்புரம் மண்ணில் எவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது என்பதை இந்த மலரைப் படிக்கும் உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது, ரோமாபுரி வரைக்கும்.

ரோமானியர்கள் அளவுக்கு இந்தக் கலையில் பணத்தைக் கொட்டியவர்கள் யாரும் இல்லை. கொலோசியம் என்று நாம் சொல்லும் அந்த வட்ட அரங்கம் கி.பி. 80-ல் திறக்கப்பட்டபோது 9,000 விலங்குகள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதுகிறார். பேரரசர் டிராஜன் டேசியா நாட்டை வென்ற கொண்டாட்டத்தில் 123 நாட்களில் 11,000. இதெல்லாம் வெறும் எண்கள். எண்ணைப் படிக்கும்போது நமக்கு எந்த விலங்கும் கண்ணில் தெரிவதில்லை. ஆனால் வேறொரு விழாவில் செத்த நாலு விலங்குகளை நமக்குப் பெயரோடு தெரியும். அதற்குக் காரணம் ஒரு தரை.

துனீசியாவில் ஸ்மிராத் என்னும் ஊரில் கிடைத்த மொசைக் தரை அது; கி.பி. 3-ஆம் நூற்றாண்டு. மகேரியஸ் என்ற ஊர்ப் பெரியவர் தன் செலவில் ஒரு சிறுத்தை வேட்டை நடத்தினார். அதைத் தன் வீட்டுத் தரையில் சின்னச் சின்ன வண்ணக் கற்களால் பதித்து வைத்தார். நான்கு வேட்டைக்காரர்கள், நான்கு சிறுத்தைகள். மனிதர்களின் தலைக்குப் பக்கத்தில் பெயர்: ஸ்பித்தாரா, புல்லாரியஸ், ஹிலாரினஸ், மமெர்தினஸ். சிறுத்தைகளுக்கும் அதே அளவு எழுத்தில் பெயர்: விக்டர், கிரிஸ்பினஸ், லக்சூரியஸ், ரோமானஸ். ஈட்டி பாய்ந்த இடத்தில் சிவப்புக் கற்கள் ஒழுகி இறங்குகின்றன. நடுவில் ஒரு பையன் தட்டு ஏந்தி நிற்கிறான். தட்டில் நான்கு பைகள். ஒவ்வொரு பையின் மேலும் ஆயிரம் என்ற குறி. அறிவிப்பாளர் கேட்டது ஒரு சிறுத்தைக்கு 500 தினார். மகேரியஸ் கொடுத்தது அதற்கு இரு மடங்கு. கூட்டம் போட்ட வாழ்த்துக் கூச்சலும் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. விழா முடிந்து எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தச் சத்தம் அந்தத் தரையில் இருக்கிறது.

இந்தத் தரையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்த முதல் நாளே எனக்கு நினைவு வந்தது நம் அரசலாபுரம் கல்.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு பலகைக் கல்லில் சண்டைக்கு நிற்கும் ஒரு சேவலைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் வட்டெழுத்தில் சில சொற்கள். முகையூர் மேற்சேரிக்காக ஆடி மாண்ட கோழி இது என்பது அதன் பொருள். சுமார் 1,500 ஆண்டுப் பழைய கல். இதற்கு ஜோடியாக, செங்கல்பட்டுப் பக்கம் அச்சிறுபாக்கம் அருகே இந்தளூரில் இன்னொரு சேவல் கல். அதில் கீழ்ச்சேரிக் கோழி என்றும், அதன் பெயர் பொற்கொற்றி என்றும் இருக்கிறது. சேரி என்றால் அந்தக் காலத்தில் ஊரின் ஒரு பகுதி, ஒரு தெருக்கூட்டம். கீழண்டைக்கும் மேலண்டைக்கும் போட்டி என்பது இன்றைக்கும் நம் ஊர்களில் உறியடி முதல் கபடி வரை இருப்பதுதானே. அந்தப் போட்டியில் சேரியின் மானத்தைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கியது ஒரு சேவல். செத்தது. சேரி கல் நட்டது.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த இரண்டு கல்லிலும் சேவலை வளர்த்தவன் பெயர் இல்லை. கல் நட்டவன் பெயர் இல்லை. செலவு செய்தவன் பெயர் இல்லை. மகேரியஸ் தன் தரையில் தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டார். சிறுத்தைகளுக்குப் பெயர் கொடுத்தது தன் விழாவின் பெருமையை ஏற்றத்தான். இந்தளூர்க்காரர்கள் கோழிக்கு மட்டும் பெயர் எழுதிவிட்டு விலகிக்கொண்டார்கள். அந்தக் கல்லை வெட்டிய உளிக்காரரை நான் பெரிய கலைஞர் என்று சொல்ல மாட்டேன், கோடுகள் எளிமையானவை. ஆனால் எதை விடவேண்டும் என்று தெரிந்த கை அது.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் சேவல் வளர்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். பயறும் கேழ்வரகும் ஊறவைத்துக் கொடுப்பார். காலையில் சேவலை இரண்டு கைக்குள் வைத்துத் தொடையைப் பிடித்துவிடுவார், நீச்சலுக்குக் கூட்டிப்போவார். களத்தில் இடைவேளை விட்டதும் வாயில் தண்ணீரை வைத்து அதன் முகத்தில் ஊதுவார். சேவல் கண்ணைச் சிமிட்டிச் சிலிர்த்துக்கொள்ளும். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம், நேரே குழம்புக்குப் போகும். கோச்சைக் கறிக்குத் தனி ருசி என்று சொல்லிக்கொண்டே தூக்கிப் போவார்கள். அந்தப் பெரியவர் தன் சேவல் ஒன்று தோற்ற நாளில் மட்டும் வீட்டில் சாப்பிடாமல் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அரசலாபுரம் கல்லின் வாசகம் புரிந்தபோது அவர் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. ஆடி மாண்ட கோழியைக் குழம்பாக்காமல் கல்லாக்கியிருக்கிறார்கள்.

காலக்கணக்கில் இன்னொரு பொருத்தம் உண்டு. ஏறத்தாழ இதே காலத்தில், கி.பி. 506-ல், கான்ஸ்டாண்டிநோபிளில் அரியோபிந்தஸ் என்பவர் கான்சல் பதவி ஏற்றதற்காக யானைத் தந்தத்தில் இரட்டைப் பலகை செதுக்கிக் கொடுத்தார். மேலே அவர் ஆசனத்தில் வீற்றிருக்கிறார். கீழே, அவர் காலடியில், அரங்கத்தில் மனிதர்கள் விலங்குகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். பார்வையாளர்களின் தலைகள் வரிசையாகச் சுற்றி எட்டிப்பார்க்கின்றன. நுட்பமான வேலை. அங்கே விலங்கு ஒரு பெரிய மனிதனின் காலடிக்கு அலங்காரம். இங்கே ஒரு கிராமத்துச் சேரியில் விலங்குதான் கல்லின் முழுப் பரப்பும்.

*

நம் பகுதியில் இந்தக் கலையின் முதல் படி பாறை ஓவியங்கள். விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில் கீழ்வாலை; செஞ்சிப் பக்கம் செத்தவரை. காவிக்கல்லைக் குழைத்து இழுத்த உருவங்கள். கீழ்வாலையில் விலங்கின் மேல் ஏறிய மனிதனும் பறவை முகம் வைத்த மனிதர்களும் இருக்கிறார்கள். செத்தவரையில் மான், பன்றி, மீன். விலங்கின் உடலுக்குள் உள்ளுறுப்புகள் தெரிவதுபோல வரைந்திருக்கும் முறையும் உண்டு. அறுத்துப் பார்த்தவனுக்குத்தான் அப்படி வரையத் தோன்றும். நீலகிரியில் கரிக்கையூர்ப் பாறையில் மாடுகளை மனிதர்கள் துரத்தும் காட்சி இருக்கிறது. ஏறுதழுவலின் மிகப் பழைய படம் என்று பலரும் அதைத்தான் காட்டுகிறார்கள். இவற்றில் கலைத்தரம் பேசுவதைவிடக் கண்ணின் கூர்மையைப் பேசுவதே சரி. நாலு கோட்டில் ஓட்டம் தெரிகிறது.

அடுத்த படியான நடுகற்கள்தான் வளமான மரபு. அங்கே நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப்பார்ப்பதில் தொடங்கி, படையலிட்டு வாழ்த்துவதில் முடியும் சடங்கு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பைக் கற்களைப் பார்த்தால் ஆரம்பத்தில் உருவமே இல்லை, தமிழ் பிராமி எழுத்து மட்டும்தான். ஆகோள் என்று ஒரு சொல், மாடு கவரும் சண்டை. மாட்டின் படம் கிடையாது. பிறகு மெல்ல உருவம் வருகிறது. வீரன் வருகிறான், வில் வருகிறது, மாடு வருகிறது, நாய் வருகிறது.

இந்த மரபின் நெஞ்சுப்பகுதி செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரம். 1972-ல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியைப் புரட்டினால், பல்லவர் காலத்துக் கால்நடைக் கிராமங்களின் வாழ்க்கை பக்கத்துக்குப் பக்கம் கண்முன் நிற்கும். அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்டான். அவனுக்குக் கல். அதில் அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்குத் தனியாக ஒரு வாசகம்: கோவிவன் என்னும் நாய், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று. மகேந்திரவர்மன் என்றால் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் குடைந்தவன், மத்தவிலாசம் எழுதியவன். அவன் பெயரும் ஆட்சியாண்டும் தொடங்கிவைக்கும் ஒரு கல்லில் நாயின் பெயரும் இடம்பிடித்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த வாசகம் எது என்று கேட்டால், பெருங்கோயில்களின் மெய்க்கீர்த்திகளை எல்லாம் விட்டுவிட்டு இந்த நாயைத்தான் சொல்வேன்.

கன்னடப் பகுதியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல், கி.பி. 949-50. தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட அதே போரைச் சொல்லும் கல்வெட்டு. கங்க மன்னன் பூதுகனின் படைத்தலைவன் மணலேரன், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் செத்தன. நாயும் பன்றியும் ஒன்றையொன்று பாய்ந்து நிற்பதைக் கல்லின் தலைப்பகுதியில் செதுக்கினார்கள். கோயில் முன் நிறுத்தினார்கள். பூசைக்கு நிலமும் விட்டார்கள். இப்போது அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியர்கள் வெனாத்தியோ என்று சொன்ன விலங்கு வேட்டைக் காட்சிக்கு நம் பக்கத்தில் இதைவிட நெருக்கமான படம் இல்லை. ஒரு வேறுபாடு மட்டும்: அங்கே சீட்டு கொடுத்துக் கூட்டத்தை உட்கார வைத்தார்கள், இங்கே காட்டில் நடந்ததற்குக் கல்தான் கூட்டத்தைக் கூட்டியது.

புலிகுத்திக் கற்கள் தனிப் பள்ளி. தருமபுரி, கிருஷ்ணகிரி, கொங்கு நாடு முழுக்கப் பரவியவை, பெரும்பாலானவை பிற்காலத்தவை. இவற்றில் உருவ அமைப்பு ஒரு வாய்பாடாகவே இறுகிவிட்டது. புலி பின்னங்காலில் எழுந்து மனிதன் உயரத்துக்கு நிற்கும். மனிதன் ஈட்டியையோ குத்துவாளையோ அதன் உடலில் பாய்ச்சியிருப்பான். சில கற்களில் ஒரு நாயும் புலியைக் கடித்துத் தொங்கும். வாய்பாடு என்பதால் எல்லாமே ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. நல்ல கல்லில் புலியின் எடை வீரனின் காலில் தெரியும். முழங்கால் வளைந்திருக்கும், குதிகால் மண்ணில் பதிந்திருக்கும். மோசமான கல்லில் புலி ஒரு பொம்மைபோலச் சாய்ந்திருக்கும், வீரன் நேராக நம்மைப் பார்த்து நிற்பான். கல்லின் தரத்தை நான் முகத்தில் தேடுவதில்லை, காலில்தான் தேடுவேன்.

காளைக் கற்கள் குறைவு. சேலம் கருமந்துறையில் கிடைத்து, சேலம் அருங்காட்சியகத்தில் உள்ள கல்லை மறக்கமுடியாது. கோவுரிச் சங்கன் என்பவன் எருது விளையாடிப் பட்டான். அவன் மகன் பெரிய பயல் நட்ட கல். இவ்வளவுதான் செய்தி. காளையும் அதைப் பிடிக்கப் போன மனிதனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். முல்லைக்கலி பாடிய ஏறுதழுவலில் காளைகளின் நிறமும் கொம்பும் தனித்தனியே வருணிக்கப்படுகின்றன; தொழுவுக்குள் பாய்கிறவர்களைக் காட்டிலும் காளைகளே கண்ணை நிறைக்கும். அந்தப் பாட்டுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவே நூற்றாண்டுகள் பல கடந்திருக்கின்றன. இன்றைக்கு வாடிவாசலில் காளையின் பெயரையும் அதன் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் அவிழ்க்கிறார்கள். மாடுபிடி வீரனுக்கு முதுகில் எண், காளைக்குப் பெயர். கருமந்துறைக் கல்லில் அது தலைகீழ். மனிதனின் பெயரும் மகனின் பெயரும் இருக்கின்றன, எருதின் பெயர் இல்லை. செத்தது மனிதன், கல் நட்டது மகன். அதில் நான் குறை காணவில்லை.

*

கோயில் கட்டிய பல்லவச் சிற்பிகளிடம் விலங்குப் போர் தெய்வக் கதையாக ஏறிவிடுகிறது. பனமலைச் சரிவிலேயே மகிடாசுரமர்த்தினிக்கு ஒரு குடைவரை உண்டு. இந்தக் கதையின் முழு வீச்சைப் பார்க்க மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போகவேண்டும். சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு தேவி; வில் வளைந்து நாண் இழுபட்டிருக்கிறது. எதிரே எருமைத் தலையோடு மகிடன். அவன் விழவில்லை. உடல் பின்னுக்குச் சாய்கிறது, கையில் கதை இன்னும் இருக்கிறது, தலைக்குமேல் அவனுடைய குடையும் இன்னும் பிடிக்கப்பட்டே இருக்கிறது. தோல்வி தொடங்கிவிட்ட அந்த ஒரு நொடியைச் சிற்பி பிடித்தார். எருமையின் முகத்தில் அச்சத்தைக் காட்டாமல், உடலின் சாய்வில் காட்டியிருக்கிறார். எதிரியை மதித்துச் செதுக்கினால்தான் வெற்றிக்கு மதிப்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ராஜசிம்மன் காலத்துத் தூண்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களுக்கு அந்த உயிர் இல்லை என்பது என் எண்ணம். அவை அரசனின் பெயருக்கு அடையாளமாக நிற்பவை. அழகு உண்டு, ஆனால் எதையும் எதிர்க்காத சிங்கங்கள்.

தாராசுரத்தில் சோழச் சிற்பி காளையையும் யானையையும் ஒரே தலையில் சேர்த்து ரிஷபகுஞ்சரம் செய்தார். ஒரு பக்கம் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை. மோதல் அங்கே கண்கட்டு விளையாட்டாகிவிட்டது. குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டவேண்டிய கல்.

விஜயநகர, நாயக்கர் காலத்தில் ரோமானியப் பிரம்மாண்டம் நம் பக்கமும் வருகிறது. ஹம்பியில் மகாநவமி மேடையின் பக்கங்களில் வேட்டையும் மல்லும் யானை வரிசையும் அடுக்கடுக்காக ஓடுகின்றன. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கின்றன. மேலிருந்து வீரன் ஈட்டியைப் புலிமேல் இறக்குகிறான். கீழே காலாட்கள் வாளோடு நெருங்குகிறார்கள். வேலூர்க் கல்யாண மண்டபத்திலும் இந்தக் கைவண்ணம் உண்டு. ஒரே கல்லில் இத்தனையையும் குடைந்து எடுத்த திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் புலிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே புலி. குதிரையின் வயிற்றுக்கு முட்டுக் கொடுக்கத்தான் அவை அங்கே இருக்கின்றன. கல் நிற்பதற்குப் புலி தேவைப்பட்டது. புலிக்காக யாரும் கல்லைத் தேடவில்லை.

உண்மையான அரங்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. மதுரைத் தமுக்கம். நாயக்க அரச குடும்பம் மாடத்தில் அமர்ந்து யானைச் சண்டை முதலான வேடிக்கைகளைப் பார்த்த இடம். 1959-ல் அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விலங்குகளை மோதவிட்டுப் பார்த்த மாடத்தில் அகிம்சைக்கு ஒரு வீடு. மேட்டில் நின்று பார்ப்பதன் சுகத்தை வள்ளுவர் முன்பே கண்டுகொண்டிருந்தார். தன் கையில் பொருள் வைத்துக்கொண்டு தொழில் செய்வதைக் குன்றின் மேல் ஏறி நின்று யானைப் போர் பார்ப்பதோடு ஒப்பிட்டார். ஆபத்து எட்டாத இடம். பனமலை உச்சியில் நின்று கீழே வயல்களைப் பார்க்கும்போது அந்தக் குன்று எனக்குச் சட்டென்று புரியும்.

*

ரோமானியக் கலையில் என்னை உலுக்கியவை வேறு இரண்டு. ஒன்று சிசிலியில் பியாட்சா ஆர்மெரினா அருகே ஒரு மாளிகையில் உள்ள பெருவேட்டைத் தரை. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு, அறுபது மீட்டருக்கும் மேல் நீளும் நடையில் விலங்குகளைப் பிடிப்பது, கூண்டில் அடைப்பது, கப்பலில் ஏற்றுவது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அரங்கத்தில் நடக்கும் கொலை அதில் இல்லை. அதற்கு முந்தைய வியாபாரம் முழுக்க இருக்கிறது. அந்த வியாபாரத்தின் அளவு சும்மா இல்லை. கி.பி. 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில் முதல்தர ஆப்பிரிக்க ஆண் சிங்கம் ஒன்றுக்கு 1,50,000 தினார் என்று உச்சவிலை குறித்திருக்கிறது. தரையின் ஒரு கோடியில், யானையும் புலியும் சூழ ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை இந்தியா என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அருகே தாய்ப்புலியை ஏமாற்றும் தந்திரம்: குட்டியைத் திருடிய குதிரைக்காரன் ஒரு பளிங்கு உருண்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். புலி அதில் தன் உருவத்தைப் பார்த்து, தன் குட்டி என்று நினைத்து நின்றுவிடுகிறது. இந்தியத் தூதர்கள் பேரரசர் அகஸ்டஸுக்குப் புலிகளைக் கொண்டுபோனார்கள் என்று காசியஸ் தியோ எழுதுகிறார். விழுப்புரத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும் அரெட்டைன் மட்கலங்களும் கிடைத்தன. நம் கரைக்கு வந்த கப்பல்கள் மிளகும் முத்தும் மட்டும் அறிந்தவை அல்ல என்று அந்தச் சிசிலித் தரை சொல்கிறது.

இன்னொன்று துனீசியா எல் ஜெம்மில் கிடைத்து இப்போது பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறிய மொசைக். ஐந்து ஆட்கள் அரங்கத்து மணலிலேயே மேசை போட்டுக் குடிக்கிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஐந்து காளைகள் படுத்திருக்கின்றன. உடம்பில் சூட்டுக்குறி. ஒருவன், சத்தம் போடாதீர்கள், காளைகள் தூங்கட்டும் என்கிறான். விடிந்தால் சண்டையாக இருக்கலாம். காளைகளின் கால்கள் உடலுக்கு அடியில் மடிந்திருக்கின்றன. ஒன்றின் தலை தரையில் சாய்ந்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய இரவு மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தப் படுக்கை தெரியும். ரத்தம் சிந்தும் எந்தப் படத்தையும்விட எனக்கு இந்தப் படம் கனமானது. ஸ்மிராத்தின் விக்டரும், எல் ஜெம்மின் தூங்கும் காளைகளும், நம் பொற்கொற்றியும் கோவிவனும் ஒரே குடும்பம் என்பதுதான் என் வாதம். விலங்கை ஓர் உயிராக, இந்த ஒன்று, இன்ன பெயர் என்று பார்த்த கண்கள் செய்தவை அவை. அவற்றின் முன் கொலோசியத்தின் 9,000 மங்கிப்போகிறது.

பாம்பேயி அரங்கத்தின் உள்சுவரில் விலங்குச் சண்டை ஓவியங்கள் இருந்தன. 1815-ல் மண்ணை அகற்றியதும் பளிச்சென்று வெளிப்பட்டன. சில மாதங்களிலேயே பனியில் உதிர்ந்தன. அன்று பார்த்து வரைந்து வைத்த நகல்கள்தான் மிச்சம். நம் தாளகிரீசுவரர் சுவரில் ஆடும் சிவன் போன வழியும் ஏறக்குறைய அதுவே. வெயில், மழை, சுண்ணாம்பு, கிறுக்கல்.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், புலிகுத்திக் கல் ஒன்றைக் குளக்கரையில் துவைகல்லாகப் பார்த்தேன். புலியின் முதுகு வழவழவென்று தேய்ந்திருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இது யார் தெரியுமா என்று கேட்டேன். எங்க பாட்டன் காலத்துல புலியக் குத்தினவரு என்றார், கையை எடுக்காமல். கதை அவரிடம் இருந்தது. கல் மட்டும்தான் இடம் மாறிக் கிடந்தது. அடுத்த முறை போனபோது யாரோ அதைப் புரட்டி மேட்டில் நிறுத்திப் பொட்டு வைத்திருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது, மேலே ஊற்றியிருந்த எண்ணெய்தான் கவலை. எண்ணெய் தூசியைப் பிடித்து எழுத்துகளை அடைத்துவிடும்.

அதனால் இந்த மலரைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் ஏரிக்கரையில், வரப்பில், ஆலமரத்தடியில் உருவம் உள்ள பலகைக்கல் கிடந்தால் எண்ணெயும் பெயிண்டும் பூசாதீர்கள். சிமென்ட் வைத்துப் பதிக்காதீர்கள். வெறும் தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள். கோடு தெரியவில்லை என்று சுண்ணாம்புக் கட்டியால் தேய்க்கவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ போங்கள், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில். நடுப்பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் முதலில் ஒரு வால் தெரியும், பிறகு கொண்டை, பிறகு கால். அப்படியே அசையாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் எழுத்து தெரியும்.